சுற்றி வரும்போதே பெயர் வெட்டலாமா?

“சேர், மறுகாவும் நிண்டிட்டுது” என்றாள் அந்தப் பிள்ளை. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பவள். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மரணாதாரச் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் இடாப்பைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விடுமுறை முழுவதும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தரவு எல்லாம் ஏறிவிட்டது. மிஞ்சியது ஒரே வேலைதான். சங்கத்தை விட்டு விலகியவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் எடுக்க வேண்டும். ஆளே இல்லாமற் போன குடும்பங்களையும் எடுக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு வரியில் ஒரு பைத்தன் செய்நிரல் எழுதியிருந்தாள். ஓடவிட்டால் முதலாவது குடும்பத்தை நீக்கிய கையோடு அது நின்றுவிடுகிறது. திரையில் ரன்டைம் எரர். அது சொல்லும் காரணத்தைத் தமிழில் சொன்னால், சுற்றி வரும்போதே அகராதியின் அளவு மாறிவிட்டது என்பதாகும்.

பைத்தன் படிக்கிற எவரும் என்றாவது ஒரு நாள் இந்த வரியில் முட்டிக்கொள்வார். “லூப்பின் தலையில் லிஸ்ட் என்று ஒரு சொல்லைச் சேர், ஓடும்” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பல வருடங்களாக நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் அகராதிக்குள் அகராதி, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் தரவில் அந்த மருந்து பாதி நோயைத்தான் தீர்க்கும். சில வேளை நோயை மறைத்தும் விடும். அன்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து முழுவதையும் பிரித்துப் பார்த்தபோதுதான் இதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அகராதி என்று பைத்தன் சொல்வது சாவியும் பெறுமானமுமாகச் சேர்த்து வைக்கும் பெட்டி. சாவியைக் கொடுத்தால் பெறுமானம் வரும். அந்தப் பெறுமானமே இன்னொரு அகராதியாக இருக்கலாம். நமக்கு இது புதிதல்ல; நாம் வாழும் நிர்வாக அமைப்பே இப்படிப்பட்டதுதான். கிழக்கு மாகாணத்தைத் திறந்தால் மூன்று மாவட்டங்கள். மட்டக்களப்பைத் திறந்தால் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றில் ஒன்று மண்முனை தென் எருவில் பற்று. அதன் செயலகம் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறது. அதைத் திறந்தால் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், அவற்றுள் வீடுகள், வீட்டுக்குள் ஆட்கள். அந்தப் பிள்ளையின் இடாப்பும் அதே உருவம்தான். மேலே ஊர்: களுதாவளை, குருமண்வெளி, எருவில், மகிழூர், கோட்டைக்கல்லாறு. ஊருக்குள் குறிச்சி. குறிச்சிக்குள் குடும்ப இலக்கம். குடும்பத்துக்குள் ஆட்கள்.

லூப் ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அகராதியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பைத்தனின் மூலச் செயலாக்கமான சீபைத்தனில், 3.6 பதிப்பிலிருந்து அகராதிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, சேர்த்த வரிசையிலேயே சாவியையும் பெறுமானத்தையும் எழுதிக்கொண்டு போகும் பதிவு வரிசை. மற்றது, எந்தச் சாவி அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும் சிறிய அட்டவணை. இந்த அட்டவணை எட்டு இடங்களோடு தொடங்குகிறது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும், ஏறத்தாழ ஆறாவது சாவி வரும்போது, பெரிய அட்டவணை ஒன்றுக்கு எல்லாம் மாற்றப்படுகிறது. பைத்தனை உருவாக்குபவர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012 டிசம்பரில் முன்வைத்த யோசனை இது. பைத்தனின் இன்னொரு செயலாக்கமான பைபை அதை முதலில் எடுத்துக்கொண்டது. இனாடா நவோக்கியின் கையால் சீபைத்தனுக்குள் வந்து, 2016 டிசம்பரில் 3.6 பதிப்போடு வெளியானது. நினைவகம் கணிசமாக மிச்சமானது. சேர்த்த வரிசை மாறாமல் இருப்பது அதன் பக்க விளைவாகக் கிடைத்தது. 2018இல் வந்த 3.7 அதை மொழியின் விதியாகவே ஆக்கிவிட்டது.

ஒரு சாவியை நீக்கும்போது வரிசையில் அதன் இடம் வெறுமையாக்கப்படும். பின்னால் உள்ளவை முன்னால் நகர்வதில்லை. அட்டவணையில் ‘இங்கே ஒன்று இருந்தது’ என்று ஓர் அடையாளம் மட்டும் மிஞ்சும். லூப் கையில் வைத்திருப்பவை, இப்போது எத்தனையாவது இடத்தில் நிற்கிறேன் என்பதும், தொடங்கும்போது எத்தனை சாவிகள் இருந்தன என்பதும்தான். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தப் பழைய எண்ணிக்கையை இப்போதைய எண்ணிக்கையோடு ஒப்பிடும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் உடனே வழு.

குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறும்போது தலை எண்ணுவதோடு இதை ஒப்பிடலாம். இறங்கும்போது தலை குறைந்தால் தெரிந்துவிடும். ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறியிருந்தால் எண்ணிக்கை அதேதான். பைத்தன் பார்ப்பது தலைக்கணக்கை; முகங்களை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டைக்கல்லாற்றுக்கு வரும்போது தேவைப்படும்.

இன்றைய சீபைத்தனில், சுற்றும்போது நீக்க மட்டும் செய்தால் லூப் உண்மையில் வழி தவறாது. நீக்குவதால் வரிசை நகர்வதில்லை, அட்டவணை சிறுப்பதும் இல்லை. ஆபத்து சேர்ப்பதில்தான். சேர்க்கும்போது அட்டவணை பெரிதாகி, வெறுமையான இடங்கள் அகற்றப்பட்டு, எல்லாம் புதிய இடங்களுக்குப் போய்விடும். ‘ஏழாவது இடத்தில் நிற்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் லூப் சில சாவிகளைத் தாண்டிப் போய்விடும். பைத்தன் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே கதவாக மூடுகிறது. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உள்ளமைப்பு நாளை மாறலாம். அதை நம்பி எழுதிய செய்நிரல் அன்று எவருக்கும் தெரியாமல் பிழைத்துப் போகும்.

இந்த வழுவை எல்லோரும் சந்திக்கத் தொடங்கியது பைத்தன் 3க்குப் பிறகுதான். 2001 டிசம்பரில் வந்த 2.2, அகராதியை நேரடியாகச் சுற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அளவு மாறினால் நிறுத்தும் காவலும் அப்போதே இருந்தது. ஆனால் அந்நாளில் பெரும்பாலோர் கீஸ் என்ற முறையை அழைத்துத்தான் சுற்றினார்கள். பைத்தன் 2இல் அது சாவிகளின் புதிய பட்டியல் ஒன்றை நகலெடுத்துத் தரும். நகலைச் சுற்றிக்கொண்டு மூலத்தில் வெட்டுவதால் எந்தச் சிக்கலும் வரவில்லை. 2006இல் பைத்தனை உருவாக்கிய குய்டோ வான் ரோசம் எழுதிய முன்மொழிவின்படி, 2008 டிசம்பரில் வெளியான பைத்தன் 3இல் அதே கீஸ் நகலைத் தராமல், அகராதியைப் பார்க்கும் ஒரு சன்னலைத் தரத் தொடங்கியது. வீணான நகல் நின்றது. கூடவே, பழைய புத்தகங்களில் இருந்த ‘சுற்று, வெட்டு’ என்ற எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே நாளில் உடைந்தன. பழைய செய்நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவி, கீஸ் வரும் இடங்களில் லிஸ்ட் என்ற சொல்லைத் தானாகவே சுற்றிப் போடும்படி எழுதப்பட்டதும் இதனால்தான். பைத்தன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பழைய குறிப்புகளை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

அகராதி குறைந்தது கத்துகிறது. பட்டியல் கத்துவதே இல்லை. அந்தப் பிள்ளையின் தரவில் கடைசி அடுக்கு, அதாவது குடும்பத்துக்குள் ஆட்கள், அகராதியாக இல்லாமல் பட்டியலாக இருந்தது. ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துத் தாளில் எழுதினோம். ஐந்து பேர்: தகப்பன், மூத்த மகன், இளைய மகன், மருமகள், பேரன். இரண்டு மகன்மாரும் விலகியவர்கள். கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும் என்பதால் தகப்பன் பூச்சியம், மூத்தவர் ஒன்று, இளையவர் இரண்டு. லூப் ஒன்றாம் இடத்துக்கு வந்து மூத்தவரை நீக்குகிறது. நீக்கியதும் பட்டியல் நெருங்கி, இளையவர் ஒன்றாம் இடத்துக்கு நகர்கிறார். லூப் அடுத்து இரண்டாம் இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது மருமகள். இளையவரை எவரும் கேட்கவே இல்லை. வழு இல்லை, எச்சரிக்கை இல்லை. விலகிய ஒருவர் இடாப்பில் அப்படியே இருக்கிறார். அடுத்தடுத்து இருவர் இருந்தால்தான் பிழை தெரியும் என்பதால், சின்னச் சோதனைத் தரவில் எல்லாம் சரியாகத் தோன்றும். இணையத்திலிருந்தோ கோப்பிலிருந்தோ ஜேசனாக வரும் தரவில் அகராதியும் பட்டியலும் கலந்தே கிடக்கும். ஓர் அடுக்கில் சத்தம், அடுத்த அடுக்கில் மௌனம். சத்தம் போட்ட அடுக்கை மட்டும் திருத்திவிட்டு ‘முடிந்தது’ என்று எழும்புவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் கண்ட தவறு.

அகராதியும் மௌனமாகப் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. கோட்டைக்கல்லாறு என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து ‘கோ’. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஓகாரக் குறி முழுதாக ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஏகாரக் குறி ஒன்றும் அதன் பின் கால் ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’. யூனிகோட் விதியும் அவை சமம் என்றே சொல்கிறது. பைத்தனின் அகராதிக்கு மட்டும் அவை இரண்டு வேறு சாவிகள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது, கண்ணுக்குத் தெரிவதுபோலக் குறியை இரண்டாகப் பிரித்து வைத்துவிடும் மாற்றிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் இடாப்பில் பாதி அப்படி மாற்றியது, பாதி அவளே தட்டச்சு செய்தது. ஆகவே கோட்டைக்கல்லாறு இரண்டு தடவை இருந்தது. கொக்கட்டிச்சோலை, போரதீவு என்று ஒகர, ஓகாரக் குறி வரும் எந்தப் பெயருக்கும் இதே கதி நேரலாம்.

இதைத் திருத்த அவள் எழுதியது இப்படி: ஊர்களைச் சுற்று, பிரிந்த எழுத்து உள்ள சாவியை எடுத்து, அதன் பெறுமானத்தைச் சேர்ந்த எழுத்துள்ள சாவியின் கீழ் வை. ஓர் ஊர் பிரிந்த எழுத்தில் மட்டும் இருந்தால், இது ஒன்றை நீக்கி ஒன்றைச் சேர்ப்பதாகும். பாதையில் ஒருவர் இறங்கி ஒருவர் ஏறிய கதை. தலைக்கணக்கு மாறவில்லை, அதனால் காவல் வாய் திறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த சாவி வரிசையின் கடைசிக்குப் போகிறது. பழைய பதிப்புகளில் லூப் அதையும் இன்னொரு முறை சந்திக்கும். அண்மைப் பதிப்புகள் கடைசியில் வந்து, சாவிகள் மாறிவிட்டன என்று வேறொரு வழுவைத் தரும். நடுவில் அட்டவணை பெரிதானால் சில ஊர்கள் பார்க்கப்படாமலே போகலாம்.

இதைவிட மோசமானது, கோட்டைக்கல்லாற்றைப் போல இரண்டு எழுத்துமுறையும் ஏற்கெனவே இருக்கும்போது நடப்பது. பிரிந்த சாவியின் கீழ் இருந்த குறிச்சிகள், சேர்ந்த சாவியின் கீழ் இருந்த குறிச்சிகளின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கீழே இருந்தவை போய்விட்டன. ஒரு சாவி குறைந்ததால் பைத்தன் வழுத் தருகிறது, உண்மைதான். ஆனால் தரும்போது அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. வழு நடந்ததைத் திருப்புவதில்லை; நடந்ததன் பிறகு சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் வழுவை விழுங்கிவிட்டுக் கோப்பைச் சேமிக்கும்படி யாராவது எழுதியிருந்தால், ஓர் ஊரின் பாதி சத்தமில்லாமல் இல்லாமற் போயிருக்கும். சரியான வழி, எழுத்தைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையைத் தரவு உள்ளே நுழையும் வாசலிலேயே முடிப்பது. பைத்தனில் யூனிகோட் தரவு என்ற தொகுதியில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. ஏற்கெனவே நுழைந்துவிட்டவற்றுக்குப் புதிய அகராதி ஒன்றைத் தொடங்கி, ஒரே ஊர் இரண்டாம் முறை வந்தால் மேலே எழுதாமல் குறிச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர்களைச் சாவியாக வைக்கும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை நமக்குச் சொல்லித் தருவதுமில்லை.

மற்ற மொழிகள் இந்தக் கேள்விக்குத் தந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்கின்றன. ஜாவா, பைத்தனைப் போலவே லூப் நடுவில் மாற்றினால் வழு எறியும். ஆனால் சுற்றி வரும் கருவியிடமே ‘இப்போது பார்த்ததை நீக்கு’ என்று கேட்க ஒரு முறையை வைத்திருக்கிறது. பிறகு நிபந்தனையைக் கொடுத்தால் தானே சுற்றி நீக்கும் வசதியும் வந்தது. கோ மொழியின் விதி, சுற்றும்போது நீக்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது; இன்னும் வந்து சேராத சாவியை நீக்கினால் அது வராது. நடுவில் சேர்த்தது வரலாம், வராமலும் போகலாம் என்று அதே விதி கைவிரிக்கிறது. லுவாவில் இருக்கும் புலத்தை வெறுமையாக்கலாம், புதிதாகச் சேர்க்கக் கூடாது. பேர்ளில் கடைசியாகக் கையில் வந்ததை மட்டும் நீக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் நீண்ட காலம் இரண்டையும் மறுத்துவந்து, 2019இல் வந்த டாட்நெட் கோர் 3.0இல் நீக்குவதை மட்டும் அனுமதித்தது. ரஸ்ட்டில் இப்படி எழுதினால் செய்நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே மொழிபெயர்ப்பி மறுத்துவிடும்.

கோவும் லுவாவும் டாட்நெட்டும் தந்திருக்கும் சலுகையைப் பார்த்து, பைத்தனும் நீக்குவதை அனுமதித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே என் எண்ணம். முதலாவது, நீக்கலாம் ஆனால் பெயர் மாற்றக் கூடாது என்ற எல்லையைப் புதிதாகப் படிப்பவர் மனதில் வைத்திருக்க மாட்டார். கோட்டைக்கல்லாற்றில் நடந்ததே நடக்கும். இரண்டாவது, நீக்குவதை லூப்புக்குள்ளேயே செய்ய விட்டால், ‘யாரை நீக்கப் போகிறோம்’ என்ற பட்டியல் எங்கேயும் உருவாகாது. எதை இழந்தோம் என்று பிறகு கேட்டால் காட்ட ஒன்றுமில்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். முதல் வழி பழைய மருந்துதான்: சாவிகளை லிஸ்ட் ஆக்கி, அந்த நகலைச் சுற்றிக்கொண்டு மூலத்தில் நீக்குவது. செலவு சொற்பம். ஒரு சாவிக்கு எட்டு பைட் முகவரி மட்டும் நகலாகிறது. ஒரு லட்சம் குடும்பங்கள் என்றாலும் ஒரு மெகாபைட்டை எட்டாது. சிக்கல் எந்த அடுக்கில் லிஸ்ட் போடுவது என்பதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள லூப்பில் போட்டுவிட்டு, உள்ளே வெட்டுகிறார்கள்; வழு அப்படியே வருகிறது. எந்த அகராதியின் அளவு மாறுகிறதோ, அதைச் சுற்றும் லூப்புக்குத்தான் நகல் வேண்டும். குறிச்சிக்குள் ஒரு குடும்பம் நீங்கினால் குறிச்சியின் அளவு மாறுகிறது. ஊரின் அளவு மாறவில்லை. குடும்பங்கள் எல்லாம் போய் அந்தக் குறிச்சியையே நீக்க வேண்டி வந்தால், அப்போது ஊரின் குறிச்சிகளைச் சுற்றும் லூப்புக்கும் நகல் வேண்டும்.

‘எதற்கு வம்பு, முழுவதையும் ஆழமாக நகலெடுத்துவிடுவோம்’ என்று டீப்காப்பியிடம் போகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். ஆழமான நகலைச் சுற்றும்போது கையில் வரும் குறிச்சி, மூலத்தின் குறிச்சி அல்ல, அதன் நகல். அதிலிருந்து குடும்பத்தை நீக்கினால் நகலிலிருந்துதான் நீங்கும். செய்நிரல் அமைதியாக ஓடி முடியும், இடாப்பில் எதுவுமே மாறியிருக்காது. லிஸ்ட் நகலெடுப்பது சாவிகளை மட்டும், அவற்றைக் கொண்டு திறப்பவை மூலத்தின் அதே அகராதிகள் என்பதால்தான் அது வேலை செய்கிறது. குறைவாக நகலெடுப்பது சரியாகவும், கூடுதலாக நகலெடுப்பது தவறாகவும் முடியும் இடம் இது.

இரண்டாவது வழி, நீக்காமல் புதிதாகக் கட்டுவது. இருக்க வேண்டியவர்களை மட்டும் எடுத்துப் புதிய அகராதி செய்துவிடலாம். பைத்தனில் இதை ஒரே வரியில் எழுதலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். எழுதுவதும் எளிது, படிப்பவருக்கும் ‘யார் இருப்பார்கள்’ என்று நேராகத் தெரியும். நினைவகத்திலும் நன்மை உண்டு. நீக்கிய அகராதி தன் பழைய பெரிய அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாகக் கட்டியது தேவையான அளவிலேயே இருக்கும். ஆனால் ஒரே அகராதியை இரண்டு இடங்கள் பகிரும்போது இந்த வழி காலை வாரிவிடும்.

களுவாஞ்சிக்குடி நிர்வாகத்தில் மண்முனை தென் எருவில் பற்றின் கீழ் வருகிறது. தேர்தலென்று வந்தால் பட்டிருப்புத் தொகுதியின் கீழ் வருகிறது; வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் போரதீவுப்பற்றும் அதே தொகுதிதான். ஊர் ஒன்று, மேலே இரண்டு மரங்கள். கணினியிலும் அப்படியே செய்து, ஊரின் அகராதியை இரண்டு மரங்களிலும் தொங்கவிட்டால், இரண்டு கிளைகளின் நுனியிலும் இருப்பது ஒரே பொருள். அதற்குள் இறங்கிக் குடும்பத்தை நீக்கினால் இரண்டு பக்கத்திலும் நீங்கும். புதிதாகக் கட்டி நிர்வாக மரத்தில் மட்டும் மாற்றி வைத்தால், தேர்தல் மரத்தில் பழைய ஊர் பழையபடி இருக்கும். இரண்டு மரமும் இரண்டு கணக்குச் சொல்லும். அதனால் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, எப்படி நீக்கப் போகிறாய் என்பதல்ல. இந்த அகராதியை வேறு யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான். வேறு எவரும் இல்லையென்றால் புதிதாகக் கட்டு. இருந்தால் உள்ளே இறங்கி நீக்கு.

வெறுமையான கிளைகளை வெட்டுவதற்கு வரிசை முக்கியம். மேலிருந்து கீழே வந்தால், குறிச்சியைப் பார்க்கும்போது அதில் இன்னும் குடும்பங்கள் இருக்கும். அவை பிறகுதான் நீங்கும். வெற்றுக் குறிச்சி அப்படியே மிஞ்சும். ஆகவே கீழே முடித்துவிட்டு மேலே வர வேண்டும். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் ஒன்று, முதலில் உள்ளே இருப்பவற்றுக்குத் தன்னை அழைத்து, திரும்பி வந்ததும் ‘இப்போது வெறுமையா?’ என்று கேட்டால் போதும். பைத்தன் சாதாரணமாக ஆயிரம் அடுக்கு வரை இப்படி அழைக்க விடும். நமது இடாப்புக்கு ஐந்தாறு அடுக்குதான்.

‘வெறுமையா’ என்று கேட்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தனில் வெற்று அகராதி, வெற்றுச் சொல், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நன், பூச்சியம் எல்லாமே ‘இல்லை’ என்ற ஒரே பதிலைத் தரும். அந்தப் பிள்ளையின் தரவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘சந்தா நிலுவை’ என்று ஒரு சாவி இருந்தது. நிலுவை பூச்சியம் என்றால் அந்தக் குடும்பம் ஒழுங்காகக் கட்டிவருகிறது என்று பொருள். வெறுமையானதை எல்லாம் நீக்கு என்று எழுதியதும், ஒழுங்காகக் கட்டியவர்களின் நிலுவைக் குறிப்பு மட்டும் காணாமற் போனது. பூச்சியம் ஒரு தகவல். நீக்க வேண்டியது நன்னையா, வெற்று அகராதியையா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

டிஃபோல்ட் டிக்ட் என்ற வகை அகராதியைப் பற்றியும் ஒரு சொல். இல்லாத சாவியைக் கேட்டால் அதையே உருவாக்கித் தந்துவிடும் அது. எண்ணிக்கை எடுக்க மிக வசதி. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வேறு ஒரு சாவி இருக்கிறதா என்று சதுர அடைப்பில் எட்டிப் பார்த்தாலே புதுச் சாவி பிறந்து, அளவு மாறி, வழு வந்துவிடும். செய்நிரலை மேலும் கீழும் தேடினாலும் நீக்கும் வரியோ சேர்க்கும் வரியோ கிடைக்காது. படித்ததே எழுதியதாகிவிட்டது. பார்க்க மட்டும் வேண்டுமானால் கெட் என்ற முறையால் கேட்பது பாதுகாப்பு.

மூன்றாவது வழியை நான் கடைசிக்கு வைத்தேன். சுற்றும்போது எதையும் தொடாதே. நீக்க வேண்டியவற்றின் முழுப் பாதையையும், அதாவது ஊர், குறிச்சி, குடும்ப இலக்கம், ஆள் என்று நான்கையும் சேர்த்து, தனிப் பட்டியலில் எழுதிக்கொள். சுற்று முழுவதும் முடிந்த பிறகு அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக நீக்கு. இரண்டு நடை, ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று வெட்டுவதற்கு. வரிகள் கூடும். அனுபவம் உள்ளவர்கள் ‘ஒரு வரியில் முடிகிற வேலைக்கு இத்தனையா’ என்பார்கள்.

இலங்கையின் வாக்காளர் இடாப்பு இந்த வழியில்தான் திருத்தப்படுகிறது. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின் கீழ் ஜீ.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர், வீடு வீடாகத் தகவல் திரட்டுகிறார். ஆனால் வாசலில் நின்றே பெயரை வெட்டுவதில்லை. நீக்கப்படவிருக்கும் பெயர்களுக்கு ஒரு பட்டியல், புதிதாகச் சேர்க்கப்படவிருக்கும் பெயர்களுக்கு இன்னொன்று. அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கோரிக்கையும் ஆட்சேபமும் கேட்கப்படும். அதன் பிறகே இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படும். ஊர் அலுவலகங்களுக்குக் கணினி வருவதற்கு முன்பே, பெயர்களோடு புழங்கியவர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இது.

எனக்கு இது வெறும் பாடமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோர ஊர்களில் எத்தனையோ பட்டியல்கள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்றில் எங்கள் சொந்தத்தில் ஒரு மாமியின் பெயர், வாசித்துக்கொண்டு போகும்போதே கோடு போட்டு வெட்டப்பட்டது. மேல் வரியில் இருந்த பெயரை வெட்ட வேண்டியவர் கீழ் வரியை வெட்டிவிட்டார். யார் வெட்டினார், எதற்கு வெட்டினார் என்று வேறெந்தத் தாளிலும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒருத்தியின் பெயரைத் திரும்ப எழுதுவிக்க மாமா எத்தனை நாள் அலைந்தார் என்பதைக் கூடவே நடந்து பார்த்தவன் நான். பெயர்கள் உள்ள தரவில் மூன்றாவது வழியைத் தவிர வேறொன்றை நான் இப்போது சொல்லிக் கொடுப்பதில்லை. வெற்றிலை விலையோ மழைவீழ்ச்சியோ என்றால் புதிதாகக் கட்டிவிட்டுப் போகலாம். ஆட்கள் என்றால் பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பிள்ளையும் மாற்றி எழுதினாள். ஓடவிட்டதும் வழு எதுவும் வரவில்லை, இடாப்பும் மாறவில்லை. நீக்கப் பரிந்துரைக்கும் பெயர்கள் மட்டும் பாதையோடு இரண்டு தாளில் அச்சாகி வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு சங்கப் பொருளாளரிடம் போனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். முதல் தாள் சரி. இரண்டாவது தாளின் நடுவில் விரல் நின்றது.

“இவ வெளிநாட்டில இருந்து வந்திட்டாவே பிள்ள. போன மாசம் சந்தாவும் தந்தவ. நான்தான் கொப்பியில எழுத மறந்துட்டன்.”

பிள்ளை பேனையை எடுத்து அந்த வரியின் பக்கத்தில் ‘இருக்கிறார்’ என்று எழுதினாள். பொருளாளர் அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார்.